மார்பிள் கடைக்குப் போன கடல்பாறை

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு கடலை ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் கிடையாது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் மாடிப்படி ஏறி இறங்கிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஒரு தடவையாவது என்னிடம், "கடலா? யமுனையிலயா?" என்று கேட்டிருக்கிறது. அப்பா மத்திய சர்க்காரில் கிளார்க். ஆபீஸ் சிநேகிதர்களிடம் "பொண்ணு ஜியாலஜி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கடல் என்று வாயெடுத்தால் விளக்கம் சொல்லி மாளாது. ஆரம்பத்தில் நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கல் விஷயம் நடந்த பிறகு சிரிப்பு வரவில்லை. இதை எழுதும்போதுகூட பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் பி.எச்.டி. செய்துகொண்டிருந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகக் கப்பலும் இல்லை, கடற்கரையும் இல்லை. ஆனால் எந்தக் கப்பல் எந்தக் கடலுக்குப் போக வேண்டும் என்பது டெல்லியில்தானே முடிவாகிறது. அந்த முடிவுகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று எங்களுக்கும் ஒரு சின்னப் பிரிவு கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு நுண்ணோக்கி, கோடையில் வேலை செய்யாத ஒரு கூலர்.

என் ஆய்வு, இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே தண்ணீருக்கடியில் ஓடும் ஒரு மலைத்தொடரைப் பற்றியது. அங்கே பூமியின் இரண்டு தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கின்றன. சாயங்கால நேரத்து ரிங் ரோடு பஸ்கூட அதைவிட வேகமாகப் போகும், அவ்வளவு நிதானம். அந்த விலகலின் இடுக்கில் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி வருகிறது. ஆழ்கடல் தண்ணீர் ஃபிரிட்ஜ் தண்ணீர் போல ஜில்லென்று இருக்கும். அது பட்ட மாத்திரத்தில் குழம்பின் மேற்புறம் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. உள்ளே இருப்பது மெதுவாக ஆறி, படிகம் படிகமாக மாறிவிடுகிறது. குழம்பு பூமிக்குள் எப்படி இருந்ததோ அதை மாறாமல் வைத்திருப்பது விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் கண்ணாடி விளிம்புதான். அதையும் கடல்நீர் நாளடைவில் அரித்து மஞ்சளாக்கிவிடும். கறுப்பாக, பளிச்சென்று இருந்தால் குழம்பு வந்து அதிக காலம் ஆகவில்லை என்று பொருள்.

என் கேள்வி இதுதான். அடங்கிப்போய்விட்டது என்று எல்லோரும் ஒதுக்கிவைத்திருந்த ஓர் இடத்தில், குழம்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறதா இல்லையா? வருகிறது என்று நான் நினைத்தேன். நினைத்தால் போதாது, கண்ணாடி வேண்டும்.

அந்த இடத்துக்குப் போன கப்பலில் நான் போயிருக்க வேண்டும். பெயர்கூடக் கொடுத்திருந்தேன். லேடீஸுக்குத் தனிக் கேபின் இல்லை, தனி பாத்ரூம் இல்லை என்று பதில் வந்தது. தட்டுகளே நகரும்போது ஒரு கேபினை ஒதுக்கிக் கொடுக்க ஆள் இல்லை. எனக்குப் பதிலாக, என் ஆய்வை மேற்பார்த்த கைடு போனார். அவரும் தமிழர், மதுரைப் பக்கம். நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரையும் எதிர்த்துப் பேசாதவரை இந்த ஊரில் நல்லவர் என்பார்கள். "நீ எதுக்கும்மா கவலைப்படற, கல்லு உன்னத் தேடி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தது. சங்கிலிப் பையைக் கடலடியில் இழுத்துக்கொண்டே போய் அள்ளிய கற்கள், ஒரு மரப்பெட்டியில், ரயிலில் வந்தன. பெரும்பாலானவை பழசு, பழுப்புப் பிடித்தவை, எனக்கு உதவாது. ஒன்று மட்டும் பலாப்பழ அளவு, தலையணை மாதிரி உப்பியிருந்தது. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பியபோது வெளிச்சம் அதில் வழுக்கியது. மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். 

கண்ணாடியைச் சோதிக்கும் கருவி வேறு ஊரில் இருந்தது. அதற்கு முறை வாங்க வேண்டும். முறை கிடைத்தது, ஆனால் இரண்டு மாதம் கழித்து வரும் தேதிக்கு. அதுவரை உடைக்காமல் வைத்திருப்பது நல்லது என்றார் கைடு. கல்லைக் கழுவி, எண் எழுதி, டிரேயில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கிட்வாய் நகரில் அந்தக் கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மஞ்சளாக இருந்தோம். மோரும் கரும்புச்சாறுமாகப் படுத்துக் கிடந்தேன்.

திரும்பிப் போனபோது டிரேயில் கல் இல்லை.

டெல்லியில் எந்த விழா நடந்தாலும் தலைமை விருந்தினருக்கு ஒரு நினைவுப் பரிசு கொடுத்தே ஆக வேண்டும். சால்வை, பூங்கொத்து, பிறகு வெல்வெட் பெட்டியில் ஏதாவது ஒன்று. பித்தளை விளக்கு, மார்பிள் தாஜ்மகால், சந்தன யானை. அந்த வருட ஆண்டுவிழாவுக்கு எங்கள் இயக்குநருக்குப் புது யோசனை வந்திருக்கிறது. கடையில் வாங்குவானேன், நம் கடலிலிருந்தே கொடுப்போம் என்று. கடலடிப் பாறை, தேக்கு ஸ்டாண்ட், பித்தளைத் தகடு. நிறுவனக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் செக்‌ஷன் ஆள் எங்கள் அறைக்கு வந்து, இருப்பதிலேயே பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மார்பிள் கடையில் கொடுத்து ஆறு துண்டாக அறுத்து, மேலே இருந்த "கறுப்பு அழுக்கை" அரைத்து எடுத்து, பாலிஷ் போட்டு, வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

எஸ்டேட் ஆளை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கல் என்றால் கல். ஆனால் தூக்கும்போது என் கைடு அறையில்தான் இருந்தார். "இது அந்தப் பொண்ணோட சாம்பிள்" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இயக்குநரோ வாழ்நாளெல்லாம் பாறை பார்த்த ஜியாலஜிஸ்ட். ஆய்வுக்கென்று வந்த பாறையை மேஜையில் பார்த்துவிட்டு, பாலிஷ் நன்றாக வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாராம். தெரியாமல் செய்தவர்களிடம் கோபித்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் போதும்.

இயக்குநர் அறைக்குள் நான் போன வேகத்தைப் பார்த்து பி.ஏ. எழுந்து நின்றுவிட்டார். இயக்குநர் சிரித்தார். "அட மகளே, உள்பக்கம் அப்படியே இருக்கே, அதை அனலைஸ் பண்ணு" என்று இந்தியில் சொன்னார். அலமாரியிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்துக் கொடுத்தார். அறுத்தபோது விழுந்த ஓரத் துண்டுகள். ஒன்றில்கூடக் கண்ணாடி இல்லை. வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைக் கொடுப்பார்கள். இங்கே தோல்தான் எனக்கு வேண்டியது, அதைச் சீவி எறிந்துவிட்டுப் பழத்தைக் கையில் திணிக்கிறார்.  என்ன பேசினேன் என்று நினைவில்லை, சத்தமாகப் பேசினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வெளியே வந்ததும் கைடு என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

"விடும்மா. அடுத்த கப்பல் க்ரூஸ்ல பார்த்துக்கலாம்."

"அந்த எடத்துக்கு அடுத்த க்ரூஸ் எப்ப சார்?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

நான் விடவில்லை. மார்பிள் கடையைக் கண்டுபிடித்துப் போனேன். தரையெல்லாம் வெள்ளைச் சேறு. என் கண்ணாடி அதில்தான் எங்கேயோ கலந்து சாக்கடைக்குப் போயிருந்தது. கடைக்காரர் யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். ஆறில் பெரியது ஒன்று, தலைமை விருந்தினருக்கென்று செய்தது. அதற்கு மட்டும் பின்பக்கம் அரைக்கவில்லை. முன்னால் மின்னினால் போதும், பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எஸ்டேட் ஆள் சொன்னாராம். அதனால் கறுப்புப் பக்கத்தை அப்படியே ஸ்டாண்டில் பதித்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த ஊரின் சுபாவம் எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். பின்பக்கம் பிழைத்திருந்தது. பசை ஒட்டினால் ஒட்டட்டும், கண்ணாடிக்கு உள்ளே பசை இறங்காது. நகத்தளவு கிடைத்தால்கூடப் போதும்.

மறுநாளே, தலைமை விருந்தினராக வந்த அந்த அதிகாரியின் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். கைடு பதறிவிட்டார். "ஐயையோ, குடுத்ததத் திருப்பிக் கேட்கறதா? மரியாதையா இருக்குமா? நான் டைரக்டர் மூலமா பக்குவமா கேட்டு வாங்கித் தரேன். நீ போய் எதையாவது பேசி வெச்சிடாத." நம்பினேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பேன். "சொல்லியிருக்கேன்மா." "அவர் டூர்ல இருக்காராம்மா." "பார்லிமென்ட் நடக்குதுல்ல." கருவிக்கு வாங்கிய முறை வந்தது, போனது. மழை வந்தது, போனது. தீபாவளியும் போனது. ஒரு திங்கட்கிழமை எனக்குப் புரிந்தது, இவர் கேட்கவே இல்லை. கேட்கவும் போவதில்லை. என் காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே லோதி ரோடு பக்கம் அந்த அதிகாரியின் வீட்டு மணியை அடித்தேன். மனிதர் மரியாதையாகவே உட்காரவைத்தார், டீ கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். நினைவுப் பரிசுகள், மேலிருந்து கீழ்வரை. பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படவே இல்லை. அதில் என் கல் இல்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து, அதைத் தீபாவளிக்குக் கொடுத்தாயிற்றே என்றார். டெல்லியில் தீபாவளிக்குப் பெட்டிகள் நகர்வதைப் போல எந்தத் தட்டும் நகர்ந்ததில்லை. ஒரு வீட்டுக்கு வந்த உலர்பழப் பெட்டி நாலு வீடு சுற்றிவிட்டு முதல் வீட்டுக்கே வந்ததைப் பார்த்திருக்கிறேன். என் கல்லை அவர் தன்னுடைய பி.ஏ.வுக்குக் கொடுத்திருந்தார். "அவரும் உங்க ஆளுதான், மதராஸி. தந்துவிடுவார்" என்று இந்தியில் சமாதானம் சொன்னார். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, அலமாரியிலிருந்து ஒரு சந்தன யானையை எடுத்து நீட்டினார். அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அந்த யானையை ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது.

பி.ஏ.வின் வீடு மோதி பாக்கில். ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். பின்னாலேயே சின்னப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "மம்மி, யே ஆன்ட்டி கௌன் ஹை?" என்று நான் யாரென இந்தியில் கேட்டாள்.

"தமிழ்ல பேசுடி. வாங்கம்மா, உள்ள வாங்க. காபி சாப்பிடறீங்களா?"

"இல்லக்கா, ஒரு கல்லு. தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்ததே, கடல் கல்லு…"

"அதுவா? அங்க இருக்கு பாருங்க."

ஹாலில் மீன்தொட்டி. அதற்குள் இரண்டு தங்கமீன்கள், பிளாஸ்டிக் செடி, நடுவில் என் கல். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே கிடந்த பாறை, மோதி பாக் குழாய்த் தண்ணீரில். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தண்ணீரில் கிடந்து எந்தக் கண்ணாடியும் ஒரு சில மாதத்தில் கெட்டுவிடாது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே கிட்டப் போனேன். பாலிஷ் பக்கம் தெரிந்தது. சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறமாக, கொத்திவிட்ட அம்மி மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

"பின்னாடி கறுப்பா இருந்திச்சே அக்கா?"

"ஆமா, அதையேன் கேக்கறீங்க. ஸ்டாண்டு கழண்டு போச்சு, இவ எடுத்து வெளையாடினா. அந்தக் கறுப்பு சில்லு சில்லா பேந்து, வெரலக் கிழிச்சிடுச்சு. ரெண்டு தையல். அப்புறம் மீன் வயித்தையும் கிழிச்சிடப் போவுதேன்னு, குழவியால தட்டித் தட்டி அத்தனையும் எடுத்துட்டேன். பெருக்கி அள்ளவே ஒரு மணி நேரம் ஆச்சு. கண்ணாடி மாதிரின்னா அப்படி ஒரு கண்ணாடி!"

சின்னப் பெண் விரலைக் காட்டினாள். தையல் போட்ட கோடு தெரிந்தது. ஸ்டாண்ட் எங்கே என்று கேட்டேன். பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

அவர் கல்லைத் துடைத்து ஒரு பையில் போட்டு, "இவ்ளோ முக்கியம்னா எடுத்துட்டுப் போங்கம்மா, கல்லுதானே" என்று கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. குழந்தை கையைக் கிழித்ததை எந்தத் தாய் வீட்டில் வைத்திருப்பாள்? அந்தப் பாறைமேல் கை வைத்த ஆட்களில், அது கண்ணாடி என்று உரக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். பஸ்ஸில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, ஒரே ஒரு திங்கட்கிழமை கைடு எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தக் கண்ணாடி ஸ்டாண்டில் பத்திரமாக இருந்திருக்கும். வழியெல்லாம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மிச்சமிருந்த உள்பாறையை வைத்தே ஆய்வேட்டை எழுதினேன். கேள்விக்குப் பதில் "இருக்கலாம்" என்றுதான் எழுத முடிந்தது. அதற்கும் மேலே ஒரு வரி சேர்க்கச் சொன்னார் கைடு. கண்ணாடி விளிம்புள்ள மாதிரி எதுவும் கிடைக்கவில்லை என்று. கடல் கொடுக்கவில்லை என்று அர்த்தம் வரும்படி. நிறுவனத்தின் பெயர் கெடக் கூடாதாம். ஆய்வேட்டை முடித்துத் தொலைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தேன். டைப் செய்து கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பாதி வாழ்க்கையைக் கப்பலில் கழித்தவர், வெயிலில் காய்ந்த முகம். இயக்குநர், கைடு, மாணவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என் ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டார். கப்பல் தளத்தில் கல் வந்து விழுந்த அன்று கைடு எடுத்த புகைப்படம் அது. அளவு தெரிய வேண்டும் என்று தன் ஷூவைப் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தார்.

"இந்த ஷூ யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கைடு பெருமையாக, தன்னுடையது என்றார்.

"ஷூவுக்குப் பக்கத்தில் கறுப்பாக, இவ்வளவு தடிமனாக இருக்கிறதே, இதற்குப் பெயர் என்ன?"

 கைடு தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணாடி இருந்தது உண்மைதான், ரயிலில் வந்தபோது உதிர்ந்துவிட்டது என்றார். பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். இப்படி ஒரு மாதிரி வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும், அதை ஒழுங்காகப் பஞ்சு வைத்துக் கட்டத் தெரியாதா உங்களுக்கு என்று கேட்டார்.

எனக்கா? பெட்டியைக் கட்டியவர் கைடு. கப்பலில் ஏற விடாமல் தடுக்கப்பட்டவள் நான். இப்போது கல்லை உடைத்தவளும் நானா? கைடு என்னைப் பார்க்கவே இல்லை. தலையை ஆட்டி, சொல்லாதே என்றுகூட ஜாடை காட்டவில்லை. நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தார். அந்த நிச்சயம்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

எழுந்து நின்றேன். "உதிரவில்லை சார். கண்ணாடியோடு முழுசாக வந்து சேர்ந்தது. அதை மார்பிள் கடையில் அரைத்து, பாலிஷ் போட்டு, ஆண்டுவிழா விருந்தினர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் இந்த அறையில் இருக்கிறார்கள்."

இயக்குநர், டீ வந்துவிட்டது, இடைவேளை விடலாம் என்றார். யாரும் எழவில்லை. பேராசிரியர் ஆய்வேட்டை மூடினார். பட்டம் கொடுக்கலாம், ஆனால் அந்த வரியைத் திருத்தி, நடந்ததை எழுத வேண்டும் என்றார்.

எழுதினேன். இந்த மாதிரியின் கண்ணாடி விளிம்பு, ஆய்வு நடப்பதற்கு முன்பே, விருந்தினர் பரிசுகள் செய்வதற்காக டெல்லியில் அரைத்து நீக்கப்பட்டது. அவ்வளவுதான், ஒரே வாக்கியம். இயக்குநர் கையெழுத்துப் போட மறுத்தார். கைடு மாதாமாதம் வந்து, "வரியை எடுத்துடும்மா, எதுக்கு வம்பு? உன் வாழ்க்கையைப் பாரு" என்றார். என் கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள். அப்பா ஒன்றும் கேட்காமல், கேட்காததே எனக்குத் தெரியும்படி, பேப்பர் படித்தார். அடுத்த கப்பல் பட்டியலும் வந்தது, அதில் என் பெயர் இல்லை, கேபின்தான் காரணமாம். இயக்குநர் ஓய்வு பெறும்வரை ஆய்வேடு அவர் மேஜையிலேயே கிடந்தது. புதிதாக வந்தவர் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

அன்று கைடு வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் லட்டு டப்பா.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல? இப்பவாவது கோபம் தீர்ந்துச்சா?"

"இல்ல சார்."

லட்டை எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் தீரவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ கப்பல்கள் போயின, பெண்களும் போகிறார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அந்த இடத்தில் மறுபடி யாரும் பை இறக்கவில்லை. அங்கே குழம்பு எப்போது வந்தது என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான்.